டவுட் வேறு, சஸ்பெக்ட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வரும் குழப்பும் ஆங்கிலச் சொற்கள் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறவன் நான். அந்தப் பகுதியை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை, தாராளமாக வரட்டும். ஆனால் அதில் நீங்கள் போடுகிற சொற்களில் பாதிக்கு மேல் நம் பிள்ளைகளைக் குழப்புகிற சொற்களே அல்ல, அதுதான் என் புகார்.

சமீபத்தில் ஸ்டேஷனரி, ஸ்டேஷனரி என்று இரண்டு சொற்களைத் தமிழ் எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டு, முதலாவது அசையாமல் நிற்பது, இரண்டாவது பேனா பென்சில் காகிதம் என்று போட்டிருந்தீர்கள். ரெண்டும் ஒண்ணாத்தானே சார் இருக்கு என்று ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை, வித்தியாசம் முழுக்க ஆங்கில எழுத்தில் இருக்கிறது, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றில் 'ஏ', மற்றதில் 'ஈ', அதைத் தமிழில் அச்சடித்தால் எப்படித் தெரியும்? பிரின்சிபல், காம்ப்ளிமென்ட் எல்லாம் இதே கதைதான். காதுக்கு ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருக்கிற இந்தச் சோடிகள், வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்து பிறகு எழுதப் பழகுகிறவர்களுக்குத்தான் பெரிய தொல்லை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணால் பார்த்து, ஸ்பெல்லிங்கை உருப்போட்டு ஆங்கிலம் படித்தவர்கள், இதில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. அதிலும் லைசென்ஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு 'எஸ்' போட்டதுதான் சரி என்று ஒரு வாரம் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள். அது அமெரிக்க வழக்கம். நமது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரைவிங் லைசென்ஸ் 'சி' போட்டுத்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் நம் ஆட்கள் எங்கே விழுகிறார்கள்? தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில்தான். சந்தேகம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் புரியாததைக் கேட்பதும் சந்தேகம், ஒருவன் திருடியிருப்பானோ என்று நினைப்பதும் சந்தேகம், ஒரு விஷயம் நடக்குமா என்று நம்பிக்கையில்லாமல் சொல்வதும் சந்தேகம்தான். நாம் மூன்றுக்கும் டவுட் போட்டுவிடுகிறோம். கிடங்கில் சரக்கு குறைகிறது, மேற்பார்வையாளர் எடுத்திருப்பார் என்று உங்களுக்குச் சந்தேகம், வெளிநாட்டு மேலாளருக்கு மெயில் எழுதுகிறீர்கள். 'ஐ டவுட் தட் ஹி டுக் இட்' என்று எழுதினால் அவர் என்ன புரிந்துகொள்வார் தெரியுமா? 'அவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை' என்று. நீங்கள் மாட்டிவிட நினைத்த ஆளுக்கு நீங்களே நற்சான்றிதழ் கொடுத்தாயிற்று. அங்கே வரவேண்டியது சஸ்பெக்ட். நடந்திருக்கும் என்று நினைத்தால் சஸ்பெக்ட், நடந்திருக்காது என்று நினைத்தால் டவுட், நேர் எதிர். பழைய ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சிலும் டவுட்டுக்கு 'அப்படித்தான் இருக்கும்போல' என்கிற பொருளும் உண்டு, ஆகவே நம் ஆட்களை ஒரேயடியாகப் பழிக்கவும் முடியாது, ஆனால் இன்றைக்கு அந்த மெயிலைப் படிக்கிறவர் ஸ்காட்லாந்துத் தாத்தாவாக இருக்கப்போவதில்லையே. பாடத்தில் கேட்கிற சந்தேகத்துக்கு டவுட் என்பது இந்தியா முழுக்க ஓடுகிறது, இங்கே யாருக்கும் நஷ்டமில்லை. வெளிநாட்டு வகுப்பறையில் மட்டும் கொஸ்டின் என்று மாற்றிக்கொண்டால் போதும், இல்லாவிட்டால் தான் சொன்னதையே இவன் நம்பவில்லை என்று வாத்தியார் நினைத்துக்கொள்வார்.

அடுத்தது பத்திரிகைக்காரர்களான உங்களுக்கே நன்றாகத் தெரிந்த சொல், மறுத்தார். குற்றச்சாட்டை மறுத்தார் என்றும் எழுதுகிறீர்கள், பதில் சொல்ல மறுத்தார் என்றும் எழுதுகிறீர்கள், தமிழில் இரண்டும் சரி. ஆங்கிலத்தில் முதலாவது டினை, இரண்டாவது ரெஃப்யூஸ். 'ஹி டினைட் டு கம்' என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு காரியத்தைச் செய்யமாட்டேன் என்றால் ரெஃப்யூஸ், அதற்குப் பின்னால்தான் 'டு' வரும். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றால் டினை. இதில் ஒரு சிக்கல், அனுமதி மறுக்கப்பட்டது என்னும்போது இரண்டுமே வரும், பர்மிஷன் வாஸ் டினைட் என்பதும் சரி, ரெஃப்யூஸ்ட் என்பதும் சரி. ரெஃப்யூட் என்று இன்னொன்று இருக்கிறது, ஆதாரம் காட்டிப் பொய் என்று நிரூபிப்பது. வெறுமனே இல்லை என்று சொன்னதற்கெல்லாம் அதைப் போடுவது ஆங்கிலப் பத்திரிகைகளுக்கே பழகிப்போன தவறு.

எதிர்பார்க்கிறேன் என்பதும் அப்படித்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதி, தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று நாம் பணிவாக முடிப்பதை 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று மாற்றினால் 'பதில் வந்தாகவேண்டும்' என்று அதட்டுகிற தொனி வந்துவிடும். ஹோப் அல்லது லுக் ஃபார்வர்ட் போட்டால் பணிவு அப்படியே இருக்கும். ஞாபகம் வைத்துக்கொள்வது ரிமெம்பர், பிறருக்கு ஞாபகப்படுத்துவது ரிமைண்ட், 'ரிமெம்பர் மி டுமாரோ' என்றால் ஏதோ நாளைக்கு ஊரை விட்டே போகப்போகிறவர் சொல்வதுபோல இருக்கும்.

உச்சரிப்பால் வருகிற குழப்பமும் உண்டு, அதை உங்கள் பகுதி தொட்டதே இல்லை. தமிழில் 'இசட்' ஓசை கிடையாது, எல்லாவற்றையும் ஸ் என்றே சொல்கிறோம், அதனால் பரிசும் விலையும் நம் வாயில் ஒரே பிரைஸ். ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டி பேனர்களைப் பாருங்கள், ஃபர்ஸ்ட் பிரைஸ் என்று விலையைக் குறிக்கும் ஸ்பெல்லிங்கைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உடம்பு இளைக்க வைக்கும் கடைகளின் போர்டில் வெயிட் லூஸ் என்று இரண்டு 'ஓ' போட்டிருப்பதும், அட்வைஸ் என்ற பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் மாற்றி எழுதுவதும் இதே காரணத்தால்தான். பரிசு, இழப்பது, அறிவுரை சொல்வது, இந்த மூன்றிலும் வண்டு ரீங்காரம் போன்ற அந்த ஓசை வரவேண்டும், தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வது தெரியும். விலை, தளர்வு, அறிவுரை என்ற பெயர்ச்சொல், இவற்றில் அதிராது. இதை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வைத்தாலே எழுத்தும் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஆகவே இரண்டு கோரிக்கை. ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே அச்சிடுங்கள், நான் இங்கே தமிழில் எழுதுவது இவற்றை வாயால் சொன்னாலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும் என்பதால்தான். அப்புறம், வெறும் சொற்சோடிப் பட்டியலை விட்டுவிட்டு, ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். 'மரத்து நிழலில் நின்றேன், என் நிழல் சுவரில் விழுந்தது' என்று கொடுத்துப் பாருங்கள், ஷேட் எது ஷேடோ எது என்று வீட்டில் பெரியவர்களும் சேர்ந்து சண்டை போடுவார்கள். விடையை மட்டும் மறுநாளே போட்டுவிடுங்கள், அடுத்த வாரம் வரை இழுத்தால் அதற்குள் கேள்வி வந்த தாளில் யாராவது பஜ்ஜி வைத்து எண்ணெய் ஒற்றியிருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
சாத்தூர்