பெட்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு

அன்புத் தோழிக்கு,

புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே, பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை, வார இறுதியில் ஒரே அளவில் மூடி போட்ட டப்பாக்கள் ஒரு செட் வாங்கிவந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக அடுக்கிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். வாங்காதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

தொழில் நன்றாகவே போகிறது. அடுத்தவர் அலமாரியை அடுக்கிக்கொடுக்க யாராவது காசு கொடுப்பார்களா என்று, நான் பழைய வேலையை விட்டபோது நம் கூட்டத்தில் சிரிக்காத ஆள் இல்லை, நீ உட்பட. இத்தனைக்கும் இது நேற்று முளைத்த தொழில் இல்லை. அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்கள் 1985-லேயே நாப்போ என்று ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். 2007 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள், அந்தத் தேர்வை எழுத வேண்டுமென்றாலே 1500 மணி நேரம் கூலிக்கு இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அதெல்லாம் இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் நாளைக்கே ஆர்கனைசர் என்று கார்டு அடித்துக்கொள்ளலாம். அதனால் பொறுமையாக வேலை செய்கிறவர்களும் உண்டு, ஒரே நாளில் நிறம் நிறமாக அடுக்கிவைத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு. அந்த அடுக்கு கொஞ்ச நாளில் கலைந்துவிடும். கலைந்தால் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் தெரியுமா, நமக்கு ஒழுங்கு என்பதே வராது, நம் மேல்தான் கோளாறு என்று. எனக்கு அதுதான் பொறுக்காது.

ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் ஆளிடம் இல்லை, இடத்திடம். எந்தத் தட்டு காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பொருளுக்கு இடம் ஒதுக்குகிறோம். கை எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போனால் நான் எதையும் தொடமாட்டேன். வெளியே போய்விட்டு வழக்கம்போல உள்ளே வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஓரமாக நிற்பேன். முதல் முறை நடிப்பார்கள், சாவியை அழகாக ஆணியில் மாட்டுவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்னொரு முறை வரச்சொன்னால் சாவி அது வழக்கமாக விழுகிற இடத்தில் போய் விழும், பெரும்பாலும் நாலடி தள்ளி ஏதோ ஒரு மேசை ஓரத்தில். சரி, அதுதான் சாவியின் இடம். ஆணியை அங்கே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒரு சின்னத் தட்டு வைக்க வேண்டும். அந்த மனிதரை ஆயுசு முழுக்க நாலடி கூடுதலாக நடக்கவைக்க என்னால் முடியாது, அவர் மனைவியாலும் முடியவில்லை.

படுக்கையறை நாற்காலியை எடுத்துக்கொள். உன் வீட்டிலும் இருக்கும், மறைக்காதே. ஒரு தம்பதி வீட்டில் அந்த நாற்காலியில் துணி மலையாகக் குவிந்திருந்தது, இரண்டு பேருக்கும் அதனால் ஓயாத சண்டை. நாற்காலியையே தூக்கி வெளியே போட்டுப் பார்த்திருக்கிறார்கள், மலை பக்கத்திலிருந்த உடற்பயிற்சி சைக்கிளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நான் அந்தக் குவியலை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். ஒருமுறை போட்ட சட்டை, அரை நாள் போட்ட ஜீன்ஸ், சாயங்காலம் மட்டும் போட்டுக்கொள்கிற மேல்கோட்டு. துவைக்கப் போடுமளவுக்கு அழுக்கும் இல்லை, துவைத்து மடித்த துணியோடு சேர்த்து வைக்கவும் மனசு வராது. அந்த வீட்டில் சுத்தமான துணிக்கு அலமாரி இருக்கிறது, அழுக்குத் துணிக்குக் கூடை இருக்கிறது, இடையில் இருக்கிற துணிக்கு இடமே இல்லை. அந்த வேலையை நாற்காலி பாவம் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது. நாற்காலி நின்ற அதே இடத்தில், சுவரில் தோள் உயரத்துக்கு ஆளுக்கு நாலு கொக்கி அடித்தோம், அவ்வளவுதான். கொக்கி நிறைந்துவிட்டால் ஏதாவது ஒன்று கூடைக்குப் போக வேண்டும். ஹேங்கர் வைத்திருக்கலாமே என்று கேட்பாய். ஹேங்கருக்கு இரண்டு கை வேண்டும், கொக்கிக்கு ஒரு கை போதும், அசதியாக வீடு திரும்புகிறவரிடம் அந்த இன்னொரு கை இருக்காது.

இப்போது உன் மூடி போட்ட டப்பாவுக்கு வருகிறேன். அடுக்கிலிருந்து இறக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், பொருளைப் போட வேண்டும், மூடி மறுபடி அடுக்க வேண்டும். எடுக்கும்போது செய்துவிடுவோம், ஏனென்றால் பொருள் வேண்டும். திருப்பி வைக்கும்போதுதான் மூடியின் மேலேயே வைத்துவிட்டுப் போவோம். அடசல் எப்போதும் திருப்பி வைக்கிற நேரத்தில்தான் பிறக்கிறது. அதனால் தினமும் கைபடுகிற பொருளுக்குத் திறந்த தட்டு, வருடத்துக்கு ஒருமுறை எடுப்பதற்கு மட்டும் மூடி. அதிலும் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிற டப்பாவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் லேபிள் ஒட்டு. மூடிமேல் ஒட்டினால் அடுக்கியதும் மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகுதான் என்ன மிஞ்சும், அது எவ்வளவு நீளம் அகலம் என்றே தெரியும். முதலில் டப்பாவை வாங்கினால் டப்பாவை நிரப்புவதற்காகவே சாமான்களைத் தக்கவைத்துக்கொள்வாய். பெட்டி வாங்குவது எங்கள் வேலையில் கடைசி நாள் வேலை. பல வீடுகளில் அதுவரைக்கும் போகவேண்டிய தேவையே வராது, ஏற்கெனவே இருக்கிற செருப்புப் பெட்டியும் பழைய தட்டுகளும் போதும்.

கழிப்பது என்றதும் உனக்குக் கை நடுங்கும், தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் குவளையைச் சும்மா கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். விற்கிறவர்கள் கேட்ட விலை வாங்குகிறவர்கள் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். குவளை அவர்கள் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது! அப்படியிருக்க, பல வருடம் கூடவே இருந்த பொருளைப் பார்த்து இது தேவையா என்று கேட்டால் தேவை என்றுதான் மனசு சொல்லும். அதனால் நான் கேள்வியைத் திருப்பிவிடுவேன். இது உன்னிடம் இல்லை என்று வைத்துக்கொள், இன்றைக்குக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவாயா? பாதிச் சாமான்களுக்குப் பதில் உடனே வந்துவிடும். மீதியில் நினைவுப் பொருள்கள் இருக்கும், அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கு. புகைப்படத்தில் ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம், உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாய்.

ஆனால் ஒன்று, உன் பொருளை மட்டும். வீட்டுக்காரருடைய ஒயர் மூட்டையை அவர் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கிப்போட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாயே, அந்த எண்ணத்தை விட்டுவிடு. ஒருமுறை அப்படிச் செய்தால் அப்புறம் அவர் பழைய பேட்டரியைக்கூடப் பத்திரப்படுத்த ஆரம்பிப்பார். ஒரு இடத்தை வரையறுத்துக்கொடு, இந்த டிராயர் உங்களுடையது, இதில் அடங்குகிற வரைக்கும் நான் வாயே திறக்கமாட்டேன் என்று. மிஞ்சுவதை அவரே கழிப்பார். ஒயர்களுக்கு ஒரு யோசனை: சாதனத்தோடு சேர்ந்திருக்கும்போதே இரண்டு முனையிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிட வேண்டும், கழற்றிய பிறகு எது எதனுடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது, பழைய போன், லேப்டாப்பில் இருக்கிற லித்தியம் பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போட்டுவிடாதே, நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குகிற இடத்தில் தனியாகக் கொடு, போனில் இருப்பதையெல்லாம் அழித்த பிறகு.

அவருக்குக் கண்ணிலேயே படாத குப்பை எனக்கு மட்டும் ஏன் இப்படி உறுத்துகிறது என்று கேட்டிருந்தாய். லாஸ் ஏஞ்சல்ஸில் இதைத் தம்பதிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள், 2010-இல் வெளிவந்தது. அவரவர் வீட்டைச் சுற்றிக்காட்டும்போது என்ன சொற்களைச் சொல்கிறார்கள் என்று கவனித்து, கூடவே உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனையும் அளந்தார்கள். வீடு அடசலாக இருக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்ற தொனியில் பேசிய மனைவிகளுக்கு, பொழுது சாயச்சாய இறங்க வேண்டிய கார்ட்டிசால் மற்றவர்களுக்கு இறங்குகிற அளவுக்கு இறங்கவில்லை. கணவர்களிடம் அப்படித் தெளிவாக எதுவும் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லா ஆண்களையும் திட்ட முடியாது (ஆசைதான்). ஆனால் அடுத்த சண்டையில் உனக்கு உபயோகப்படும்.

நீ விளையாட்டாகக் கேட்ட இன்னொன்றுக்கு விளையாட்டில்லாமல் பதில் சொல்கிறேன். உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் செய்தித்தாள் கட்டுகளை நடக்க வழியில்லாத அளவுக்குச் சேர்த்துவைத்திருக்கிறார், ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து காலி செய்துகொடுக்கலாமா என்றாய். கேட்காமல் காலி செய்யாதீர்கள். எதையும் விட முடியாமல், பிரிந்தால் தாங்க முடியாத வேதனைப்பட்டு, அறைகள் புழங்கவே முடியாமல் போகிற நிலைமைக்கு ஹோர்டிங் டிஸார்டர் என்று தனிப் பெயர் இருக்கிறது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்கள். சோம்பலோ அழுக்கு மனசோ இல்லை. பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து லாரி வைத்து அள்ளிக்கொண்டு போன வீடுகளுக்குப் பிறகு நான் போயிருக்கிறேன், வீடு மறுபடி நிறைந்திருக்கும், கூடவே பிள்ளைகளோடு பேச்சுவார்த்தையும் நின்றிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மனநல ஆலோசகர் ஒருவர் கூட இருந்தால்தான் நான் வேலையை ஒப்புக்கொள்வேன். அவசரம் ஒன்று உண்டு: வாசலுக்குப் போகிற வழியும் அடுப்பைச் சுற்றிய இடமும் மட்டும் காலியாக இருக்க வேண்டும், அதை அவரிடமே பக்குவமாகச் சொல்லிச் செய்யலாம்.

உன் ஆபீஸை ஒழுங்குபடுத்துவது பற்றியும் கேட்டிருந்தாய், அது இதைவிடச் சுலபம், பொருளில் பாசம் கிடையாது. ஆனால் யாருடையதுமில்லாத பொருள் சேரும். டொயோட்டா போன்ற ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த, வேலையிடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்கிற ஃபைவ் எஸ் முறையில் ஒரு வேலை செய்வார்கள், கருவிகள் மாட்டுகிற பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கோடு போட்டு வரைந்துவைத்துவிடுவார்கள். சுத்தியல் இல்லையென்றால் சுத்தியல் உருவத்தில் ஒரு வெற்றிடம் தெரியும், யாரையும் கேட்கவே வேண்டாம். உங்கள் பிரிவில் ஸ்டேப்லரும் கத்தரிக்கோலும் காணாமல் போகிற டிராயருக்கு அதையே செய், அடியில் காகிதம் ஒட்டிக் கோடு போட்டால் போதும்.

மேசைமேல் ஃபைல் குவிகிறது என்றால், எதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நொகுச்சி யுகியோ என்ற ஜப்பானியப் பொருளாதார அறிஞர் தொண்ணூறுகளில் பிரபலப்படுத்திய முறை ஒன்று உண்டு. தலைப்பே கிடையாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு உறை, மேலே பெயரும் தேதியும். எல்லாவற்றையும் தட்டில் வரிசையாக நிறுத்து, எதை எடுத்தாலும் திருப்பிவைக்கும்போது இடது கோடியில் வை. நாளாக ஆக அடிக்கடி தேவைப்படுவது இடது பக்கம் வந்து சேரும், யாரும் தொடாதது தானாக வலது கோடிக்கு நகர்ந்துவிடும், அங்கிருந்து பார்த்துக் கழிக்கலாம். இதுவும் கை போகிற போக்கில் போகிற முறைதான், அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கோப்புகளை மட்டும் இதில் கலக்காதே, அவற்றுக்குத் தனி அலமாரி. வழவழப்பான தாளில் அச்சாகிற ரசீதை அப்படியே ஃபைலில் போட்டால் கொஞ்ச காலத்தில் வெற்றுத் தாளாகிவிடும், சூட்டில் அச்சாகிறது, சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கும். கையோடு படம் எடுத்துவைத்துவிடு.

கம்ப்யூட்டரில் "இறுதி", "இறுதி புதியது", "இதுதான் இறுதி" என்று மூன்று கோப்புகள் வைத்துக்கொண்டு எதை அனுப்பினோம் என்று தேடுவதாக எழுதியிருந்தாய். பெயரின் தொடக்கத்திலேயே தேதியைப் போடு, வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். அப்படிப் போட்டால் அவை தாமாகவே காலவரிசைப்படி நின்றுகொள்ளும்.

அப்புறம், இந்த வேலையில் சேரலாமா என்று உன் அக்கா மகள் கேட்டதாகச் சொன்னாயே, தாராளமாக. அடுக்கத் தெரிவது பெரிய விஷயமில்லை, அது எல்லோருக்கும் வரும். நாலு மணி நேரம் ஒருவருடைய பழைய சட்டைக் கதையைக் கேட்டுக்கொண்டு, அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றோ தூக்கிப்போடுங்கள் என்றோ சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பார். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேசவும் கூடாது. முதுகும் வலிக்கும், தூசிக்குத் தும்மலும் வரும், அதையும் சொல்லிவை.

உனக்கு இப்போதைக்கு ஒரே வேலை. எல்லாப் பெட்டிகளையும் ஒரு சுவரோரமாகத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது தேவைப்பட்டதை மட்டும் எடுத்துப் புழங்கு, எடுத்ததை இயல்பாக எங்கே வைக்கத் தோன்றுகிறதோ அங்கேயே வை. ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. படம் எடுப்பதற்கு முன் ஒதுக்கிவைத்துவிடாதே, உன்னைத் தெரியும் எனக்கு. இறைந்து கிடக்கிறபடியே வேண்டும், அந்த நாற்காலி உட்பட. பார்த்துவிட்டு எங்கே எத்தனை கொக்கி, எத்தனை தட்டு என்று எழுதுகிறேன், அப்புறம் கடைக்குப் போகலாம்.

உன் பழைய பெஞ்சுக்காரி