எழும்பூர் கமிஷனர் ஆபீஸுக்குள் அம்மாவை அழைத்துப் போனவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த நன்றியை சிங்கப்பூர் திரும்பிய அன்றே எழுதியிருக்க வேண்டும். வேலை, வீடு, அம்மாவுக்குப் பிடித்த சளி என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. தாமதத்துக்கு முதலில் மன்னிக்கணும்.

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் இருக்கும் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம்தான் இப்போது தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம். போன மாதம் என் அம்மா, 84 வயதில், அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாகக் காலடி வைத்தார். தெரியாத இடம் இல்லை அது. தாத்தா சென்னை போலீஸில் கான்ஸ்டபிள், சில வருடம் அங்கே கேட் டியூட்டி. பள்ளி இல்லாத நாளில் அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாராம். கேட்டைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்க தாத்தா விடமாட்டார். “உள்ளே பெரிய ஐயா இருக்கார், இங்கேயே நில்லு.” அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அம்மா வெளியே நின்று மாடி ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

1962இல் கல்யாணம் முடிந்து ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர். இங்கே ஹில் ஸ்திரீட் வழியாக பஸ் போகும்போதெல்லாம் அந்தப் பழைய போலீஸ் நிலையத்தை, 1934இல் கட்டியது, 927 ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் வானவில் மாதிரி நிறம் அடித்திருக்கும், அதைப் பார்த்து அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “எங்கப்பா ஆபீஸையும் இப்படி வச்சிருப்பாங்களா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. 2013இல் கமிஷனர் அலுவலகம் வேப்பேரிக்கு இடம் மாறியதும், இனி அந்தக் கட்டடம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்து வளர்ந்த ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகத்தை 2004இல் இடித்ததைப் பார்த்தவள் நான். சுரங்கச்சாலைக்காக என்றார்கள், காரணம் புரிந்தது, ஆனால் இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் மனசு என்னவோ செய்யும். அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடக்கூடாதே என்றுதான் எனக்குக் கவலை.

ஆகவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் முதல் நன்றி. அவர்களில் ஒருவரைக்கூட எனக்கு நேரில் தெரியாது. இடிக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த அதிகாரிகள், அதற்கு 6.47 கோடி ரூபாய் ஒதுக்கிய அரசு, வரைபடம் போட்ட பொறியாளர்கள், சாரம் ஏறிய கொத்தனார்கள், தச்சர்கள், சித்தாள் வேலை பார்த்த பெண்கள். அருணகிரி முதலியார் என்பவருக்குச் சொந்தமாயிருந்த பங்களாவாம் அது. போலீஸ் முதலில் வாடகைக்கு எடுத்து, பிறகு 21,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கியிருக்கிறது. அப்படி ஒரு கட்டடம், சுமார் 24,000 சதுர அடி, நூற்றைம்பது வருடத்துக்கு மேல் மழையும் வெயிலும் பார்த்தது, 2021 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்ததிலிருந்து பொதுமக்கள் எல்லோருக்குமான இடம்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் கட்டுமானத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், இங்கே லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பழைய கடைவீடுகளைப் புதுப்பித்த வேலைகளிலும் இருந்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் நாங்கள் காட்சிப்பொருளைப் பார்க்க, அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் விளக்கினார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கியதை வெளியே விடும். அவசரத்துக்கு அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கொஞ்ச வருடத்தில் பூச்சு பொரிந்து உதிர ஆரம்பிக்கும். அதனால் பழைய கட்டடத்தைச் சரியாகச் செய்கிறவர்கள் சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் வெல்லம் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசுவார்கள், ஒரு பூச்சு காயாமல் அடுத்ததற்குப் போகமாட்டார்கள். “இந்த மாதிரிக் கட்டடத்துல புதுசா கட்டுறதைவிட மூணு மடங்கு பொறுமை வேணும்” என்றார். பொறுமையாக வேலை செய்த அந்தக் கைகளுக்கு அவர் சார்பிலும் நன்றி.

இங்கே சிங்கப்பூரில் உதவியவர்களை மறந்தால் நான் மனுஷியே இல்லை. எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடி அங்கிள், இங்கே போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் ஒருநாள் கீழ்த்தளத்தில் என்னை நிறுத்தி, “அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்களே அந்தக் கட்டடம், மியூசியம் ஆயிடுச்சு தெரியுமா?” என்றார். அங்கிள், நீங்கள் அன்றைக்கு மின்தூக்கியில் ஏறிப் போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி), தன் கணவர் இறந்தபிறகு பத்திரமாக வைத்திருந்த மடக்கு சக்கர நாற்காலியைத் துடைத்து, காற்றடித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிமா காசே (நன்றி), மக்சிக். பலதுறை மருந்தகத்தில் அம்மா விமானத்தில் போகலாமா என்று கேட்டபோது, பயமுறுத்தாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து மருந்துகளை வேளை மாற்றி எழுதிக்கொடுத்த டாக்டருக்கும் நன்றி.

சென்னையில் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், ஒரு நாள் முழுக்க லீவு போட்டுவிட்டு எங்களோடு இருந்தார். ஆட்டோக்காரத் தம்பி காத்திருந்ததற்குக் காசு வாங்கவே இல்லை. “பாட்டி பொறந்த ஊருக்கு வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். தாத்தாவின் இடுப்புவாரில் இருந்த பித்தளைக் கொக்கி ஒன்றுதான் அம்மாவிடம் மிச்சம். மைலோ டப்பாவில் வைத்திருப்பார், தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்ப்பார். அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். பழைய துப்பாக்கிகள், வாள்கள், கைப்பற்றிய கள்ளநோட்டு, வயர்லெஸ் கருவிகள் என்று என் பையன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக, அம்மா எதிலும் நிற்கவில்லை. பழைய சீருடைகள் இருந்த இடத்தில்தான் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். கைக்குட்டையை அவிழ்த்துக் கொக்கியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேசவே இல்லை. அங்கே பணியில் இருந்த இளம் பெண் காவலர், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், பக்கத்தில் வந்து குனிந்து, “யாரோடது பாட்டி?” என்று கேட்டார். “எங்கப்பாவோடது. இந்த கேட்லதான் நிப்பாரு.”

அந்தப் பெண் உடனே நிமிர்ந்து அம்மாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

அதோடு விடவில்லை அவர். “மாடியையும் பார்க்கணும்ல?” என்று அம்மாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, முழங்கால் வலி எங்கே என்று கேட்டுக் கேட்டு மேலே கூட்டிப்போனார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, அவசரப்படுத்தவே இல்லை. மாடி ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, “இப்ப கீழ பாருங்க” என்றார். அம்மா பார்த்தார். சின்ன வயதில் வெளியிலிருந்து எண்ணிய ஜன்னலில் ஒன்று அது. அங்கிருந்து கேட் பக்கத்தைக் கை நீட்டி என் பையனுக்குக் காட்டினார். “அதோ அங்கதான்டா, உன் கொள்ளுத்தாத்தா வெயில்ல நிப்பாரு. அதுக்கு வெளியில நான்.”

தங்கச்சி, உன் பெயரைக் கேட்க எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவே இல்லை. சட்டையில் பெயர்ப்பட்டை இருந்திருக்கும், என் கண்ணில் தண்ணீர், எதையும் படிக்கிற நிலையில் நான் இல்லை. நீயும் அம்மாவும் வாசலில் நிற்கும் படம் நன்றாக வந்திருக்கிறது. பெரிதாக அச்செடுத்து, பின்னால் அம்மா நடுங்கும் கையால் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்திருக்கிறோம். ஒன்பதாம் மாடி அங்கிளின் தம்பி பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். அருங்காட்சியகத்துக்கு வந்து படத்தைக் காட்டி விசாரிப்பார், உன்னைத் தேடிக் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.