எல்லாமே ‘ஏன்சியன்ற்’ அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில், பழைய காலத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் பட்டியலாக வந்திருந்தன. ‘லோங் லோங் அகோ’, ‘வன்ஸ் அப்பொன் எ ரைம்’, ‘இன் ஏன்சியன்ற் ரைம்ஸ்’, ‘இன் டேய்ஸ் ஒப் யோர்’, ‘சின்ஸ் ரைம் இம்மெமோறியல்’ என்று நீண்டு போன அந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே ‘முற்காலத்தில்’ என்று ஒரே பொருள்தான் போட்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி மனப்பாடம் செய்கிறார்கள். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தொடர்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடக்கூடியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தைச் சொல்கிறது, ஒவ்வொரு இடத்தில்தான் பொருந்துகிறது.

என்னிடம் வரும் ஒரு மாணவி யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிய கட்டுரையை ‘வன்ஸ் அப்பொன் எ ரைம்’ என்று தொடங்கியிருந்தாள். அடுத்த வரியில் ‘இன் டேய்ஸ் ஒப் யோர்’. முதலாவது, பாட்டி சொல்லும் ராசா ராணி கதைக்கு உரிய தொடக்கம். அதைக் கேட்டவுடனேயே ஆங்கிலம் தெரிந்தவர், வரப்போவது கற்பனை என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவது பழைய செய்யுள் நடை, இன்று யாரும் சாதாரணமாக அப்படிப் பேசுவதில்லை. கோட்டை கற்பனை அல்லவே. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியபின் எழுப்பிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். ஆண்டு கையில் இருக்கும்போது ‘இன் த செவன்ரீந்த் செஞ்சுரி’ என்று எழுதினால் போதும்.

‘ஏன்சியன்ற்’, அதாவது பண்டைய, என்ற சொல்லைத்தான் நாங்கள் ஆகவும் கண்டபடி பயன்படுத்துகிறோம். ஐரோப்பிய வரலாற்றில் அந்தக் காலம் மேற்கு உரோமப் பேரரசு விழுந்த 476ஆம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது என்பது பொதுவான கணக்கு. அதன் பிறகு வருவது ‘மெடீவல்’, அதாவது இடைக்காலம். எங்கள் வரலாற்றுக்கு அதே எல்லை அப்படியே பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆனாலும் நல்லூரை இராசதானியாகக் கொண்டு ஆண்ட மன்னர்களுக்கு ‘மெடீவல்’தான் பொருத்தம். கோட்டை ‘கொலோனியல்’, அதாவது அந்நியர் ஆண்ட காலத்தது. கிறிஸ்துவுக்கு முன்னரே மக்கள் குடியிருந்த கந்தரோடைக்கு ‘ஏன்சியன்ற்’ என்று தாராளமாக எழுதலாம். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், வாசிப்பவர் கோட்டையும் கந்தரோடையும் ஒரே காலத்தவை என்றுதான் நினைப்பார்.

‘பிறீஹிஸ்ரோறிக்’ என்பதிலும் கவனம் வேண்டும். அது எழுத்துச் சான்று எதுவும் இல்லாத காலத்துக்கு உரிய சொல். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த ஈமப் புதைகுழியில், எலும்புக்கூட்டோடு ஒரு முத்திரையும் கிடைத்தது. அதில் மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். எழுத்து உள்ளே வந்துவிட்ட இடத்தை ‘பிறீஹிஸ்ரோறிக்’ என்று எழுதினால், அந்த முத்திரை எடுத்துத் தந்த செய்தியையே நாங்கள் அழித்துவிடுகிறோம்.

‘ரைம் இம்மெமோறியல்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ‘யாருக்கும் நினைவில்லாத காலம்’ என்ற பொருளில் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்குத் திட்டமான எல்லை உண்டு. 1275ஆம் ஆண்டின் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டம், முதலாம் றிச்சேட் மன்னனின் ஆட்சித் தொடக்கத்தை அந்த எல்லையாக வைத்தது. அவன் முடிசூடிய நாள் 1189 செப்ரெம்பர் 3. அதற்கு முந்தியது எல்லாம் சட்டத்தின் நினைவுக்கு அப்பாற்பட்டது. இப்போது நயினாதீவுக்கு வாருங்கள். நாகபூசணி அம்மன் கோவிலில் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவன் ஆண்டது 1153 முதல் 1186 வரை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து இறங்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு என்றும், மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி என்றும் அதில் வெட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் ‘நினைவுக்கு எட்டாதது’ என்று கோடு போட்டுவிட்ட காலத்தில், எங்கள் தீவில் கப்பல் சரக்குக்குச் சட்டமே தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பற்றி ஒரு பிள்ளை ‘சின்ஸ் ரைம் இம்மெமோறியல்’ என்று தொடங்கினால் எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது.

இலக்கணப் பிழைகளையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ‘முந்நூறு வருடங்களுக்கு முன்’ என்பதைப் பிள்ளைகள் ‘பிஃபோர் த்ரீ ஹன்ட்றட் இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘த்ரீ ஹன்ட்றட் இயர்ஸ் அகோ’ என்பதே சரி. ‘கட்டப்பட்டிருக்கிறது’ என்று தமிழில் நினைத்து, ஆண்டையும் போட்டுக்கொண்டு ‘ஹாஸ் பீன் பில்ற்’ என்கிறார்கள். ஆண்டு வந்துவிட்டால் ‘வோஸ் பில்ற்’தான். 1734 என்பது பதினெட்டாம் நூற்றாண்டு என்பதும், கி.மு.வில் எண் கூடக் கூடக் காலம் பின்னோக்கிப் போகும் என்பதும் உயர்தர மாணவருக்கே தடுமாற்றமாக இருக்கிறது.

எங்கள் பெரியவர்கள் ‘முந்தி’ என்று மொட்டையாக விட்டதில்லை. பறங்கியர் காலம், ஒல்லாந்தர் காலம், வெள்ளைக்காரன் காலம், யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி என்று அடையாளம் வைத்தே பேசினார்கள். அந்தத் திட்டத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஏன் கைவிடவேண்டும்? கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் எங்கள் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அறிவிப்புப் பலகையிலும் கைநூலிலும் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் ஊரின் வரலாறு என்று கொண்டுபோகப் போகிறார்கள். நாளைக்கு அவற்றை எழுதப்போவது இன்று உங்கள் பக்கத்தை ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள்.

ஆகையால் அந்தப் பட்டியலைத் திருத்தி மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு தொடருக்கும் அது குறிக்கும் காலத்தையும், கதைக்கா கட்டுரைக்கா என்பதையும் எதிரே போடுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு இலண்டன் கோபுரம் வேண்டாம், ஆனைக்கோட்டையும் கந்தரோடையும் நயினாதீவும் கோட்டையும் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டியலை எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தகுதியானது என்று கண்டால் என் பெயர் போடாமலே பயன்படுத்திக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சண்டிலிப்பாய்.