கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்

சென்னையில் இன்சூரன்ஸ் பாலிசி போட்டுத் தரும் ஏஜென்ட்டுகளுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கொஞ்சம் வடிந்ததும் என் கணவர் காரில் சாவியைப் போட்டுத் திருகினார். ஒரு முறை முக்கியது, அவ்வளவுதான். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார். சீட்டுக்கும் ஒயரிங்குக்கும் பணம் வந்தது, இன்ஜினுக்கு வரவில்லை. வெள்ளம் செய்த சேதம் பாலிசியில் சேரும். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் சேராதாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று மெக்கானிக் விளக்கினார். இதற்காகவே இன்ஜின் புரொடெக்ட் என்று பாலிசியோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஆட்-ஆன் இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

எங்களுக்குப் பாலிசி போட்டவர் நல்ல மனிதர், பக்கத்துத் தெருக்காரர். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன். "நீங்க கேக்கலையேம்மா" என்றார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எதைக் கேட்போம்?

மருத்துவ பாலிசியில் இது இன்னும் வலிக்கும். 5 லட்சம் பாலிசி, அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு 1 சதவீதம் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது 5,000 ரூபாய். 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் கூடுதல் 5,000 மட்டும் கையிலிருந்து போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாம் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படலாம். மருந்துக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கும் அந்த வெட்டு கிடையாது. டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுன்ட்டரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கான காத்திருப்புக் காலமும், அதாவது பாலிசி எடுத்தும் அவற்றுக்குப் பணம் கிடைக்காத ஆரம்ப வருடங்களும், அப்படித்தான். 2024-இல் அதன் உச்சவரம்பை 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்தார்கள். வீட்டுக் கடனோடு சேர்ந்து வரும் பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான், உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜுக்கோ வாஷிங் மெஷினுக்கோ அல்ல. அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கிளெய்மை மறுத்தால் தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணமில்லாமல் மனு கொடுக்கலாம். சரி, ஆனால் சேராது என்று பாலிசியிலேயே தெளிவாக எழுதியிருந்தால் அங்கே போயும் பெரும்பாலும் பலனிருக்காது. அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள் என்கிறேன்.

மருத்துவ பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தர வேண்டும் என்பது விதி. எது சேரும், எது சேராது, காத்திருப்பு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். தமிழ்த் தாளை நீங்களே வாங்கி வாருங்கள். 'சேராதவை' என்ற பகுதியை உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள், பத்து நிமிடம் போதும். கார் பாலிசிக்கும் இதையே செய்யுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் பல கார்களுக்கு ரின்யூவல் வருகிறது. அந்தப் பக்கத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்