ஞாபகசக்தி முகாம் நடத்தப்போகும் எங்கள் நகர் சங்கத்துக்கு

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் வணக்கம். கேட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்தேன். மறதி நோய் தடுப்பு முகாம், 60 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும், நினைவாற்றல் கேப்சூல் மூன்று மாத டப்பா சலுகை விலையில். நல்ல எண்ணத்தில்தான் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் அந்த டப்பாவை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மறதி வராமல் தடுப்பதற்கென்று பி வைட்டமின், ஈ வைட்டமின், ஒமேகா-3 வகைக் கொழுப்பு, எல்லாம் கலந்த சத்து மாத்திரை எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. வல்லாரைத் துவையலும் தாராளமாக அரைத்துச் சாப்பிடுங்கள், ருசிக்காக.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு அம்மா குக்கரை அடிக்கடி தீயவிட ஆரம்பித்தார். மூன்று விசிலில் இறக்கவேண்டிய பருப்பு அடிப்பிடித்துக் கரியாகி, வாசனை கூடத்துக்கு வந்த பிறகுதான் நாங்கள் ஓடுவோம். "மறந்துட்டேன்டா" என்பார். நாங்களும் நம்பினோம். கொஞ்ச நாளில் அவரிடம் எதுவும் கேட்பதையே விட்டுவிட்டோம், அவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே இருக்கத் தொடங்கினார். அல்சைமர்தான் என்று வீட்டில் முடிவே கட்டியாயிற்று. கடைசியில் ஒரு டாக்டர்தான் முதலில் காதைப் பாருங்கள் என்றார். வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகுமாம். அம்மா விசிலை மறக்கவில்லை, அவருக்கு விசில் கேட்கவே இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறதி என்று சமாளித்திருக்கிறார்.

காது மந்தமும் மறதியும் வெளியில் பார்த்தால் ஒன்று போலத் தெரியும், அது ஒரு பக்கம். கவனிக்காமல் விட்ட காது மந்தமே மறதி நோய்க்கு ஒரு பெரிய காரணம் என்பது இன்னொரு பக்கம். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது; ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடல் அசையாமை, தனிமை, கண் பார்வைக் குறைவு எல்லாம் காது மந்தத்தோடு சேர்ந்து அதில் வருகின்றன. அத்தனையையும் வாழ்நாள் முழுக்கச் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீதம் வரை மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. மீதி வயதும் மரபணுவும் இன்னும் பிடிபடாததும்தான், அதனால் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்கமுடியாது. காதொலிக் கருவியைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குள் 977 பேரை மூன்று வருடம் வைத்துப் பார்த்த ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஏற்கெனவே மறதி வரும் ஆபத்து கூடுதலாக இருந்தவர்களிடம் நினைவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது.

அப்புறம், 60 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் என்று ஏன் போட்டீர்கள்? அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படிவது அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதே லான்செட் ஆய்வுக்குழு 2020-இல் சொன்னது, 40 வயதிலிருந்தே பிரஷரின் மேல் எண்ணை 130-க்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்று. முகாமுக்கு முதலில் வரவேண்டியது என்னைப் போன்ற ஆட்கள்தான், பெற்றோரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டம்.

ஃபின்லாந்தில் 1,260 பேரை வைத்து இரண்டு வருடம் நடந்த ஃபிங்கர் ஆய்வில் யாரும் மந்திர மாத்திரை கொடுக்கவில்லை. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் கண்காணிப்பு, நாலையும் சேர்த்துச் செய்தார்கள், பரிசோதனை மதிப்பெண்ணில் பலன் தெரிந்தது. நம் நகரில் இதற்கு என்ன இருக்கிறது? பூங்கா நடைபாதையில் மூன்று விளக்கு எரிவதில்லை, இருட்டினால் பெரியவர்கள் இறங்குவதில்லை. கேரம் போர்டும் பேப்பரும் கிடந்த சங்க அறையை, சத்தம் அதிகம் என்ற புகாரால் பூட்டி இப்போது பழைய நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அங்கே தினமும் ரம்மி ஆடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாலு தாத்தாக்களும் இப்போது தனித்தனியாக டிவி பார்க்கிறார்கள். கேப்சூல் கம்பெனிக்குப் போட இருக்கும் பந்தல் செலவில் அந்த விளக்குகளை மாற்றிவிடலாம், அறைச் சாவிக்கு அதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஒரு ஆடியாலஜிஸ்டையும், பிரஷர், சர்க்கரை பார்க்க ஒரு நர்ஸையும் கூப்பிடுங்கள், செலவில் நானும் பங்கு போடுகிறேன். அம்மாவை அழைத்து வருகிறேன், கருவி மாட்டியிருப்பார் (பீரோவில் நகையோடு பூட்டி வைத்திருந்ததை இப்போதுதான் வெளியே எடுக்க வைத்திருக்கிறோம்). மைக்கில் பேசினால் அவருக்கு இரைச்சல்தான் கேட்கும். எதிரில் உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவிலிருந்து ஒரு உறுப்பினர்