பாரதியின் முகத்துக்கு ஏற்ற அச்சு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தபால்தலை சேகரிப்பு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு படித்தேன். எந்த ஸ்டாம்புக்கு என்ன விலை என்பதெல்லாம் விரிவாக இருந்தது. அந்த ஸ்டாம்புகள் அச்சான விதம் பற்றி ஒரு வரி இல்லை. பாதி அழகு அங்கேதான் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகளுக்கு நான்கு தபால்தலைகள் வெளிவந்தன. ஒன்றரை அணாவில் தொடங்கி பத்து ரூபாய் வரை. அவற்றை அடித்துக் கொடுத்தது சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம். நாசிக்கில் தபால்தலை அச்சடிக்க நமக்கென்று அரசின் பாதுகாப்பு அச்சகம் இருந்தது. ஆனால் 'போட்டோகிராவூர்' என்ற முறை அப்போது அங்கே வரவில்லை. நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1952 அக்டோபர் 1 அன்று வெளியான கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாஸ், காலிப், தாகூர் ஆகிய ஆறு தபால்தலைகளும் நாசிக்கிலேயே அந்த முறையில் அச்சானவை. சுதந்திரம் பெற்று ஐந்து ஆண்டுகள் கடந்ததுமே இதைச் செய்து காட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. (அந்த ஆறு பேரில் தமிழ்ப் புலவர் எவரும் இல்லை என்ற குறை 1960-இல்தான் தீர்ந்தது. வள்ளுவரும் பாரதியும் ஒரே ஆண்டில் வந்தார்கள், ஆளுக்குப் பதினைந்து நயா பைசா.)

போட்டோகிராவூரில், சுருக்கமாக கிராவூரில், செப்பு உருளையின் மேல் மிக நுண்ணிய குழிகள் இருக்கும். ஆழமான குழி நிறைய மையைப் பிடிக்கும். ஆழம் குறைந்தது கொஞ்சமாகப் பிடிக்கும். அதனால் ஒரே ஒரு நிற மையை வைத்துக்கொண்டே நிழலையும் வெளிச்சத்தையும் படிப்படியாகக் கொண்டுவந்துவிடலாம். அந்த பாரதி தபால்தலையை ஒரு லென்ஸ் வழியாகப் பாருங்கள். தலைப்பாகை மடிப்பில் அடர்ந்த நிறம் எங்கே முடிகிறது, வெளிறல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அப்புறம் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள், ரம்பப் பல் போல லேசாக நெளிந்திருக்கும். கிராவூரை அடையாளம் காண அது ஒன்றே போதும்.

இப்போது பெரும்பாலும் ஆஃப்செட் என்ற அச்சு முறைதான். நான்கு நிறப் புள்ளிகள் சேர்ந்து படமாகின்றன. பறவை, பூ, கோயில் கோபுரம் என்றால் அது நன்றாகவே வருகிறது, வேகமும் அதிகம். சரி, ஆனால் மனித முகத்துக்கு அது போதவில்லை என்பது என் உறுதியான கருத்து. கன்னத்தின் நிழல் புள்ளிகளாகச் சிதறிவிடுகிறது.

2006-இல் சந்தனம், 2007-இல் ரோஜா, 2008-இல் மல்லிகை என்று மணக்கும் தபால்தலைகள் வந்தன. 2011-இல் கதர்த் துணியிலேயே நூறு ரூபாய் காந்தி தபால்தலை வந்தது. புதுமைக்கு இவ்வளவு மெனக்கெடும் அஞ்சல் துறையால் இதையும் செய்ய முடியும். கவிஞர்கள், இசை மேதைகள், விஞ்ஞானிகளின் முகங்களை ஆண்டுக்கு இரண்டு மூன்றாவது கிராவூரிலோ, விரலால் தடவினால் மை மேடு தட்டுப்படும் செதுக்கு அச்சிலோ வெளியிட வேண்டும். அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் பழைய தலையையும் புதிய தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நல்ல லென்ஸையும் வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பார்த்து வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிக்கும் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை-4