ஏறுவதற்கு முன் சாயட்டும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் சமச்சீர் அசைவுகளையும் இருவர் சமநிலையையும் கற்பிக்கப் போகிறாய். பருவ முடிவில் பெற்றோர் முன், பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் ஒரு பிரமிடு நிறுத்திக் காட்டவும் சொல்லியிருக்கிறார்களாம். பிரமிடை இப்போதைக்கு மறந்துவிடு. அதைப் பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள், பிள்ளைகள் கற்றுக்கொள்வதோ மிகக் குறைவு.

சமச்சீரைப் பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருக்காதே. மூக்கிலிருந்து தொப்புள் வழியாக ஒரு கோடு இறங்குவதாக நினைத்துக்கொள்ளச் சொல். கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ அதுவே அந்தப் பக்கமும் நடக்க வேண்டும். கால்களைச் சேர்த்துக் குதிப்பது, அகட்டி உட்காருவது, குட்டிக்கரணம் எல்லாம் இந்த வகை. பக்கவாட்டில் சக்கரம் போலச் சுழலும் கார்ட்வீல் அப்படியல்ல, அதில் ஒரு கைக்குப் பின் மறு கை ஊன்றுகிறது. இரண்டு வகையையும் அடுத்தடுத்துச் செய்ய வை. சமச்சீரானவற்றை மட்டுமே செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தனியாகப் புலப்படாது.

குட்டிக்கரணத்தில் பல பிள்ளைகள் ஒரு தோள் பக்கமாகச் சரிவார்கள். ஒரு கை கூடுதலாகத் தள்ளியிருக்கும், அல்லது தலை திரும்பியிருக்கும். உடனே திருத்தாமல், "எந்தக் கை அதிகமாக வேலை செய்தது?" என்று கேள். சிலருக்குப் பதில் தெரியாது. மறுமுறை உருளும்போது கவனிப்பார்கள், அது போதும்.

இனி இருவர் சமநிலை. இங்கே அவசரப்படாதே. முதலில் எதிரெதிரே, கால்விரல்கள் நெருங்கி நிற்கட்டும். ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடிக்கட்டும்; விரல்களை மட்டும் கோத்தால் வியர்வையில் வழுக்கும். மணிக்கட்டுப் பிடியில் ஒரு கை தளர்ந்தாலும் மறு கை காப்பாற்றும். கைகளை நீட்டி, உடலை வளைக்காமல் மெதுவாகப் பின்னால் சாயச் சொல். இடுப்பை மடித்துப் பின்பக்கத்தை மட்டும் வெளியே தள்ளுவார்கள், எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். அடுத்து முதுகோடு முதுகு சேர்த்து, ஒருவரையொருவர் தள்ளியபடியே உட்கார்ந்து எழட்டும்.

தொடக்கத்தில் ஒரே உயரமும் எடையும் உள்ளவர்களை இணை சேர். இருவரும் ஒரே அளவு சாய்வார்கள், வடிவம் சமச்சீராக வரும். பழகிய பின், வேண்டுமென்றே ஒரு கனமான பிள்ளையையும் ஒரு மெலிந்த பிள்ளையையும் சேர்த்து நிறுத்து. இப்போது கனமானவர் குறைவாகவும் மெலிந்தவர் அதிகமாகவும் சாய்ந்தால்தான் நிற்க முடியும். இருவர் எடையும் சேர்ந்து அவர்கள் பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இடமும் அடங்கிய பகுதியின் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பார்வைக்கு வடிவம் கோணலாக இருக்கும், சமநிலையோ சரியாக இருக்கும். இதை நீ சொல்லிக் கொடுக்காதே, அவர்களே தடுமாறிக் கண்டுபிடிக்கட்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே ஒரு வகுப்பு முழுவதையும் செலவிடலாம் என்பேன்.

ஒருவர் மேல் ஒருவர் ஏறுவது அதற்குப் பிறகு. கீழே இருப்பவர் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றுவார்: தோளுக்கு நேர் கீழே கை, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். மேலே இருப்பவரின் எடை தோள் மேலும் இடுப்பு மேலும் மட்டுமே இறங்க வேண்டும். முதுகின் நடுவில் ஒருபோதும் கூடாது. அங்கே தாங்குவதற்குக் கீழே தூண் இல்லை. ஏறக் கற்பிக்கும் முன் இறங்கக் கற்பி. குதிக்கக் கூடாது, ஒவ்வொரு காலாக மெத்தையில் வைத்து இறங்க வேண்டும். இருவரில் யார் "இறங்கு" என்றாலும் உடனே இறங்க வேண்டும், ஏன் என்ற கேள்வியே வரக் கூடாது.

இருவராகவோ குழுவாகவோ சேர்ந்து செய்யும் அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் இத்தகைய சமநிலையை 3 விநாடி அசையாமல் காட்ட வேண்டும். உன் பிள்ளைகளும் மூன்று வரை எண்ணட்டும், ஆனால் வாய்விட்டு. மனத்துக்குள் எண்ணுபவர்கள் மூச்சையும் சேர்த்து அடக்கிவிடுவார்கள்.

பருமனான பிள்ளையை எப்போதும் கீழேயே வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. எடை ஒத்தவர்களை மாறி மாறி நிற்க வை. மெலிந்தவர் மேல் கனமானவரை ஏற்ற முடியாதுதான். அந்த இணைகளுக்குச் சாயும் வகைகளையே கொடு, அதில் யாரும் யாருக்கும் கீழே இல்லை. தொடுவதற்குக் கூசும் பிள்ளை இருந்தால் வற்புறுத்தாதே. எதிரே நின்று கண்ணாடி போல அசைவுகளைத் திருப்பிச் செய்யட்டும்.

பிரமிடு கேட்பவர்களிடம் இதைச் சொல்: அந்தப் போட்டிகளிலேயே பெண்கள் குழுவில் மூவர், ஆண்கள் குழுவில் நால்வர் மட்டுமே, அவர்களும் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். விழாவுக்கு, எடை ஒவ்வாத அந்த இணைகளை வரிசையாக நிறுத்திச் சாயச் சொல். முன்வரிசைப் பெற்றோர் இருவரை எழுப்பி அதையே செய்து பார்க்கவும் அழை. மெத்தையை மட்டும் மறந்துவிடாதே, பெரியவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

அன்புடன்,
அப்பா